முதுகில் ஒரு கோடு

என் முதுகிலிருக்கும் கொழுப்புக் கட்டியைச் சுற்றி ஞாயிறுதோறும் என் மனைவி செண்பகவல்லி நீலப் பேனாவால் கோடு போடுவாள். கட்டி கோட்டைத் தாண்டினால் ஆபத்தாம். வலிக்கவில்லை, அமுக்கினால் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. போன மாதம் எரிச்சலில் கத்தினேன். "டாக்டரைவிட நீ பெரிய ஆளா? என் முதுகை விடுடி!" பேனாவை மூடி வைத்தாள். பேச்சையும் நிறுத்தினாள். குளிக்கக் குளிக்கக் கோடு அழிந்துவிட்டது. கட்டி வளர்ந்திருக்கிறதா என்று இப்போது தெரியவில்லை. கண்ணாடியில் முதுகைப் பார்க்கப்போய்க் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். இன்று காலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் பேனாவை நீட்டினேன். "டாக்டரையே போடச் சொல்லுங்க" என்றாள், நிமிராமல். சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நிற்கிறேன். நறுக்கும் சத்தம் நின்றிருக்கிறது.