இறங்கச் சொன்னவள்

"வண்டியை எடுக்காதீங்க தம்பி! அவனை இறக்கி விடுங்க!"

பச்சைப் பட்டனுக்குப் போன ரோலர் கோஸ்டர் ஆபரேட்டரின் விரல் அப்படியே நின்றது. நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் சங்கிலிக்கு அடியில் குனிந்து புகுந்து, மேடைக்கு ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று கிடந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்கெல்லாம் வரக் கூடாதும்மா. யாரை இறக்கணும்?"

"அதோ, நீலச் சட்டை. அவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு."

ஆபரேட்டர் பட்டனிலிருந்து கையை எடுத்தார். போன மாதம்தான் ஒருவர் இதய நோயை மறைத்து ஏறி, தலை தொங்கித் திரும்பி வந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். அன்றைக்குப் போன தூக்கம் ஆபரேட்டருக்குத்தான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. 'இதய நோயாளிகள் ஏறக் கூடாது' என்று வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் வண்டி ஓரமாக நடந்துபோய் அந்த இளைஞனிடம் குனிந்தார். "தம்பி, ஹார்ட்ல ஏதாவது பிரச்னையா?"

"இருந்துச்சு சார். இப்ப இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பொய்! காலையில எத்தனை மாத்திரை போட்டான்னு கேளுங்க!" அந்த அம்மாள் வண்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தான் விட்டால் வண்டி ஓடிவிடும் என்பது போல.

பின் வரிசையில் ஒருவன் பொறுமை இழந்தான். "அண்ணே, எடுக்கறீங்களா, இல்லையா? இந்த வெயில்ல எங்க ஹார்ட்டும் நின்னுடும் போலிருக்கு!"

யாரோ சிரித்தார்கள். இளைஞனின் முகம் சிவந்தது.

கீழே நிழலில் கண்ணாடி போட்ட இன்னொரு பெண்மணி, அவனுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "விடுங்கக்கா! சின்ன வயசுல இருந்து ஓடி ஆடினதே இல்ல. ஆசைப்படறான், ஒரு தடவை போயிட்டு வரட்டும்!"

"நீ சும்மா இரு! உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு!"

ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் பயம், சித்திக்குச் செல்லம். எந்த வீட்டில் இல்லை?

"டாக்டரே எல்லாம் பண்ணலாம்னு சொல்லிட்டார் சார்," என்றான் இளைஞன்.

"நடக்கலாம்னார், ஓடலாம்னார். இதுல தலைகீழாத் தொங்கலாம்னு சொன்னாரா? கேட்டியா நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்கலையா தம்பி?" என்றார் ஆபரேட்டர்.

"...இல்ல சார்."

"அப்ப இறங்கிடுப்பா. கேட்டுட்டு வா. வண்டி எங்கேயும் ஓடிப் போயிடாது."

அவர் திரும்பிப்போய் ஒரு விசையைத் தட்ட, எல்லோர் மடியையும் அழுத்தியிருந்த கம்பிகள் மேலே எழுந்தன. இளைஞன் இறங்கினான். இறங்கிய வேகத்தில் அந்த அம்மாளைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"இத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டீங்க!"

"மானம் போனா நாளைக்குச் சம்பாதிச்சுக்கலாம்." அவள் குரல் உடைந்தது. "ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒரு தடவை அனுப்பி வெச்சுட்டு நின்னவ நான். இன்னொரு தடவை என்னால ஆகாதுப்பா."

அவன் நின்றுவிட்டான். அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனான்.

வண்டி கிளம்பியது. கடகடவென்று உச்சிக்கு ஏறி, கூச்சலோடு செங்குத்தாகப் பாய்ந்தது. அவன் பக்கத்திலேயே பத்திரமாக நின்றுகொண்டிருந்தும் அந்த அம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கூச்சல் அடங்கியதும் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அவன் அசையாமல் நின்று கொடுத்தான்.

"ஒழுங்காத்தான் அடிக்குது. போதுமா?" என்று சிரித்தான்.

வண்டி திரும்பி வந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெண்மணி படியில் கிடந்த செருப்பை எடுக்க மேலே வந்தாள். ஆபரேட்டருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க சித்தி, சுலபமா 'விடுங்க'ன்னு சொல்லிட்டீங்க. பெத்த வயிறு எப்படிப் பதறுது, பார்த்தீங்களா?"

அவள் செருப்பில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். கீழே, இன்னும் அவன் மார்பிலிருந்து தலையை எடுக்காத அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"அவனைப் பெத்தவ நான்தான் தம்பி. அந்த அக்காவோட ஒரே பையன் ரெண்டு வருஷம் முன்னால ஒரு விபத்துல போயிட்டான். இவன் நெஞ்சுக்குள்ள இப்ப அடிக்கிறது அவனோட இதயம்."