தூக்குமேடைக்கு எடுத்துப்போன படம்

"ஐயா, இந்தப் படத்துல ஆண்டவருக்கு மாறுகண்ணு," என்றான் நூச்சோ.

தூக்குமேடைக்குப் போகிறவன் பேசுகிற பேச்சா இது? சிலுவைப்பாடு வரைந்த பலகையை அவன் மூக்குக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

எங்கள் சபையின் வேலையே அதுதான். கூட்டமோ கயிறோ அவன் கண்ணில் படாதபடி, சிறையிலிருந்து மேடைவரை படத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடக்க வேண்டும். கடைசிப் பார்வை படத்தின்மேல் இருந்தால் ஆன்மா கரையேறும். இல்லாவிட்டால் நரகம்தான்.

எங்கள் பொலோனியா நகரில் இப்படி முப்பத்தொரு பேரைக் கரையேற்றியிருக்கிறேன். படம் சாகிறவனுக்கு மட்டும் என்பது சபை விதி. அதனால் நான் பார்த்ததெல்லாம் அதன் முதுகைத்தான்.

கோவேறு கழுதை திருடிய நூச்சோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே செத்தால் இவன் கதி என்ன?

"ஒரு கண்ணு என்னைப் பாக்குது, இன்னொன்னு வேற எங்கயோ பாக்குது. நான் எந்தக் கண்ணைப் பாத்து மன்னிப்பு கேக்குறது?"

பேசுவது அவனில்லை, அவனுக்குள் இருக்கும் சாத்தான் என்று அதட்டினேன்.

மேடையை நெருங்கியபோது, "ஐயா, பின்னாடி படி இருக்கு," என்றான்.

சாத்தான் என் கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? திரும்பாமல் நடந்தேன்.

குதிகால் தட்டி மல்லாந்து விழுந்தேன். காலில் ஏதோ மளுக்கென்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்தேன் என்று அலறினேன்.

நூச்சோ மண்டியிட்டு, கட்டிய கைகளாலேயே பலகையை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். "அங்க இங்க பாக்காதீங்க ஐயா. இதையே பாருங்க."

பார்த்தேன். மாறுகண்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்தது. என் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடியும்வரை அவன் பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

தூக்கிலிடுகிறவன் அவசரப்படுத்தினான். நூச்சோ பலகையை என் மார்பில் சாய்த்து வைத்தான்.

"நீங்களே வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

மேலே நின்று அவன் எதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. என் கண் படத்தின்மேலேயே இருந்தது.

மாலையில் வைத்தியர் வந்தார். கணுக்கால் லேசாகப் பிசகியிருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்.