ஏழாவது மாப்பிள்ளை

"பூமிக்கு எம்புட்டு வயசு தம்பி?"

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் வயதைக் கேட்பார்கள், சம்பளத்தைக் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேவஇரக்கம் பூமியின் வயதைக் கேட்பார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு மீட்டர் இல்லாததால் பைபிளின் ஆதியாகமத்தைக் கையில் எடுத்தார். படைப்பின் ஏழு நாளும் பூமியின் ஏழு யுகங்கள், உலகத்தில் உள்ளதெல்லாம் ஏழில் அடக்கம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. செண்பகத்தோப்புக்குப் போய் மலையில் ஏழு முகடுகளை எண்ணிவிட்டு வந்தார். எட்டாவதாகத் தெரிந்ததை மேகம் என்று தள்ளிவிட்டார்.

சபையாருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. மாட்டிக்கொண்டவள் மகள் ரெனிட்டாதான். "தேவன் ஆசீர்வதிச்ச நாள் ஏழாம் நாள் மட்டுந்தான். அதனால ஏழாவதா வாரவன்தான் எம் மருமகன்" என்று போன வருடமே அறிவித்துவிட்டார். அவளுக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது.

புருஷனோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, வரன் தேடுவதில் இறங்கினாள் ரெனிட்டாவின் அம்மா ஞானபாக்கியம். தரகர் இல்லாமலே அவள் வரிசையாக வரன் பிடித்த வேகத்தைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது.

ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் தனியாகவே வந்து, "அப்பா அம்மா அடுத்த வாட்டி வருவாவ" என்றார்கள். தேவஇரக்கத்தின் விளக்கத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். பால்கோவாவை வாய் நிறையத் தின்றார்கள். "நீங்க இல்ல தம்பி" என்றதும் சிரித்த முகத்தோடு எழுந்து போனார்கள். தள்ளினாலும் சிரிக்கிறார்கள் என்றால், அது தன் விளக்கத்தின் வல்லமைதான் என்று அவர் நம்பினார்.

இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவன் ஏழாவது. ராஜபாளையம் செல்வின். நிலவியல் படித்துவிட்டு, சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் வேலை பார்க்கிறான். இவன்தான் அப்பா அம்மாவோடு வந்திருந்தான்.

ஆனால் ஏழாவது ஆளுக்கும் பரீட்சை உண்டு. அதில் தோற்றால் அடுத்துப் பதினாலாவது ஆளைத்தான் பார்ப்பார். நடுவில் வருகிறவர்கள் எண்ணிக்கைக்கு மட்டுந்தான்.

விளக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது. முதல் நாள், சூரியனைச் சுற்றிப் புழுதி ஒளிர்ந்த காலம். இரண்டாம் நாள், நீராவி குளிர்ந்து மழை கொட்டிய காலம். மூன்றாம் நாள், கடல் ஒதுங்கித் தரை எழும்பிய காலம். இப்படியே ஏழாம் நாள் வரை.

"சூரியனையே நாலாம் நாள்தான படைச்சாரு?" என்று செல்வினின் அப்பா பொன்னுராஜ் ஆரம்பித்தார். அவர் மனைவி தொடையில் கிள்ளியதும் காப்பியை எடுத்துக் குடித்தார்.

"சொல்லுங்க தம்பி. பூமிக்கு எம்புட்டு வயசு?"

"கிட்டத்தட்ட நானூத்தி அம்பது கோடி வருஷம் அங்கிள்." படித்த படிப்பு வாயை முந்திக்கொண்டது.

தேவஇரக்கம் விரல்களை மடக்கினார். "நாலும் அஞ்சும் ஒம்பது."

கதவுக்குப் பின்னால் நின்ற ரெனிட்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோவாத் தட்டோடு வந்த ஞானபாக்கியம் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒம்பதுல்ல வருது? ஏழுல்ல தம்பி வரணும்?"

செல்வின் கதவுப் பக்கம் பார்த்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

"அதுல ரெண்டு கழியும் அங்கிள்."

"எப்படிக் கழியும்?"

"பூமி மொதல்ல எப்படி இருந்துச்சுன்னு வசனம் சொல்லுது? ஒழுங்கின்மையும் வெறுமையுமாய். எங்க படிப்புலயும் அதேதான். மொதல்ல எல்லாம் உருகிக் கொழம்பாக் கெடந்துச்சு. அந்தக் காலத்துப் பாறை ஒண்ணுகூட இன்னிக்குக் கைக்குக் கெடைக்கல. இல்லாததைக் கணக்குல சேக்கலாமா? ஒழுங்கின்மை ஒண்ணு, வெறுமை ஒண்ணு. ஒம்பதுல ரெண்டு போனா..."

"ஏழு!" தேவஇரக்கம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர். "நான் பாத்த மீட்டர்ல ஒண்ணாவது இப்படி ஒரு கணக்கைக் காட்டலையே! அங்கிளாவது ஒண்ணாவது, மாமான்னு கூப்பிடுங்க மாப்ள!"

பொன்னுராஜ் மறுபடி வாயைத் திறந்தார். மனைவியின் கை தொடைப் பக்கம் போனதும் மூடிக்கொண்டார். வருகிற ஏழாம் தேதி நிச்சயம் என்று முடிவானது.

விருந்தாளிகளை வழியனுப்ப தேவஇரக்கம் வாசலுக்குப் போனார். கார் எண்ணைக் கூட்டிப் பார்க்கும் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. ஞானபாக்கியம் அடுப்படித் தரையில் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"ஒம்பதுன்னதும் எனக்கு உசிரே போயிருச்சு ஏட்டி."

"அதான் சமாளிச்சிட்டாருல்லம்மா" என்றாள் ரெனிட்டா. முகமெல்லாம் சிரிப்பு.

"சமாளிக்காமப் போயிருந்தா? செல்வினுக்குக் கூட்டாளின்னு இருக்கதே அந்த ஆறு பயலுகதான். திரும்ப அவனைப் பதினாலாவதா கொண்டாரணும்னா, இன்னும் ஆறு மாப்பிள்ளைக்கு நான் எங்கட்டி போவேன்?"