சந்தேகசாமி

“அந்த ஆளைக் குழுவை விட்டு நீக்குங்கள். இல்லையேல் நான் விலகுகிறேன்.”

குழுவில் இருக்கும் தமிழ் வாத்தியார் தனியாக அனுப்பிய செய்தி. கோபத்திலும் ஓர் ஒற்றுப்பிழை கிடையாது.

ஆஸ்பத்திரி ஓய்வறையில் நர்ஸம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கும் பொறுமை எல்லை தாண்டித்தான் போயிருந்தது.

குடலில் ஆபரேஷன் ஆகி, மலம் போக வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்காக அவள் போனில் ஆரம்பித்த குழு அது. டிஸ்சார்ஜ் ஆன ஒரு பெண், “இனிமே நான் வாசப்படி தாண்ட மாட்டேன் சிஸ்டர்” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

எழுபது பேர் சேர்ந்தார்கள். காலையானால் ஆளுக்கொரு பூப்படம், ஒரு கும்பிடு. அத்தோடு சரி. மூன்று வாரம் ஒருத்தர்கூட வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்புறம்தான் லாரி மெக்கானிக் ஒருவர் வந்து சேர்ந்தார். அடைமழைதான்!

“குப்புறப் படுத்தா பை வெடிச்சிடுமா?”

“பத்துப் பேர் நடுவுல வயிறு சத்தம் போட்டா என்னன்னு சொல்லிச் சமாளிக்கறது?”

“பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் மூக்கைப் பொத்தினா, அது என்னாலயா, இல்ல அவனுக்கு ஜலதோஷமா?”

நர்ஸம்மா சளைக்காமல் பதில் போட்டாள். குழு அவருக்குச் சந்தேகசாமி என்று பெயர் வைத்தது.

போன வாரம், “பொண்டாட்டியைக் கட்டிப்பிடிக்கலாமா? பைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார். வாத்தியார் கொதித்துவிட்டார். ‘குடும்பப் பெண்கள் இருக்கும் இடத்தில் இதென்ன பேச்சு?’ என்று பத்து வரிக்குக் கண்டனம் எழுதினார். நர்ஸம்மா பட்டும் படாமலும், “தாராளமாக. பையைக் காலி செய்துவிட்டால் போதும்” என்று முடித்துக்கொண்டாள்.

இன்று காலை வந்ததுதான் உச்சம்.

“பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது பையை எப்படி ஒதுக்கணும்?”

மீசை வைத்த ஆம்பளை கேட்கிற கேள்வியா இது? நோயாளிகளைக் கிண்டல் பண்ணத்தான் வந்திருக்கிறான் மனுஷன்!

‘சரி சார், சாயங்காலமே நீக்கிடறேன்’ என்று வாத்தியாருக்கு அனுப்பினாள். டூட்டி முடிந்ததும், நீக்குவதற்கு முன் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவோம் என்று சந்தேகசாமிக்குப் போன் போட்டாள்.

எடுத்தார். பின்னால் இரும்பைச் சுத்தியல் அடிக்கும் சத்தம்.

“சொல்லுங்க தாயி!”

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா? யாரைக் கேலி பண்றீங்க? முதல்ல உங்களுக்குப் பை இருக்கா, இல்லையா?”

“இருக்கே. பத்தொம்பது வருஷமா என் கூடவே குடித்தனம் நடத்துது.”

நர்ஸம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பத்தொம்பது வருஷமா? அப்புறம் என்ன இத்தனை சந்தேகம்?”

“எனக்கென்ன சந்தேகம்? அதெல்லாம் மத்தவங்களோடது.” சுத்தியல் நின்றது. “புதுசா யார் சேர்ந்தாலும் தனியா ஒரு செய்தி அனுப்புவேன். ‘கேக்கக் கூச்சமா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, எம் பேர்ல கேட்டுடறேன்’னு. போன மாசம் ஆபரேஷன் ஆன ஒரு புள்ள கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எம்புட்டுத் தவிச்சிருக்கு தெரியுமா?”

“பதில்தான் உங்களுக்கே தெரியுமே. நீங்களே சொல்லியிருக்கலாமே?”

“நான் காதுல சொன்னா ஒருத்தருக்குப் போகும். நடுச்சபையில கேட்டா எழுபது பேருக்கும் போகுமில்ல? மானம்தான போகுது, போகட்டும் தாயி. எங்கிட்ட அது தாராளமா இருக்கு!”

சிரிப்பும் கண்ணீரும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன அவளுக்கு. “உங்களைப் போய் நீக்க இருந்தேனே... மன்னிச்சிடுங்க அண்ணே.”

“அதை விடுங்க. அந்தப் புள்ள காத்துக்கிட்டிருக்கு. பதிலைப் போடுங்க முதல்ல.”

போட்டாள். ‘குழந்தையைக் கைக்கு அடியில், விலாப் பக்கமாக அணைத்துக்கொண்டால் பையில் படாது.’

நிமிஷத்தில் இருபது கும்பிடு. கூடவே யாரோ ஒரு பெண், குழு தொடங்கிய நாளிலிருந்து வாயே திறக்காதவள், ‘எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. நானே கேக்கலாமா?’ என்று எழுதினாள். நர்ஸம்மாவுக்கு அந்த ஓய்வறையிலேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

இனி வாத்தியார்தான் பாக்கி. போனால் போகட்டும் என்று ஒரு முடிவோடு அவருடைய பக்கத்தைத் திறந்தாள். அவரே அரை மணி நேரத்துக்கு முன்பு எழுதியிருந்தார். இந்தத் தடவை ஏகப்பட்ட எழுத்துப்பிழை.

“அவசறம். அவரை நீக்கி விடாதீர்கல். போன வாறம் அவர் கேட்ட கேள்வி என்னுடையது. யாருக்கும் என்மேல் சந்தேகம் வரக்கூடாதே என்றுதான் அப்படிக் கத்தினேன். தங்கள் பதிலுக்கு நன்றி. என் மனைவியும் நன்றி சொள்ளச் சொன்னாள்.”