கண்ணாடியோர மேசை

"ரொட்டியா இது? தெர்மாகோல் கணக்கா இருக்கு!" சிட்லபாக்கத்தின் பளபளப்பான அந்த சாண்ட்விச் கடையில் அரிகிருஷ்ணன் எரிந்து விழுந்தார்.

"மெதுவா பேசுங்க, உள்ள காதுல விழப்போகுது" என்றாள் மனைவி கங்கையம்மாள்.

"விழட்டும்! உள்ள வச்ச வெள்ளரிக்காயைத் தேடித்தான் பிடிக்கணும். இதைத் தின்ன எவன் வருவான்?"

வாசலில் கார் நின்றது. ஓர் இளம் ஜோடி உள்ளே வந்து, காலி மேசைகளைப் பார்த்துத் தயங்கியது. "சார், இங்க நல்லாயிருக்குமா?"

அரிகிருஷ்ணன் வாயிலிருந்ததைச் சிரமப்பட்டு விழுங்கினார். "பிரமாதம்! நாங்க தினமும் மத்தியானம் இங்கதான்."

அவர்கள் உட்கார்ந்ததும், சமையலறையிலிருந்து வந்த முதலாளி குமரேசன் அவர் காதருகே குனிந்தான்.

"தேங்க்ஸ்ப்பா. நாளைக்கும் அம்மாவோட இதே கண்ணாடியோரம் உக்காருங்க. சட்டையை மட்டும் மாத்திக்கிட்டு வாங்க. ரோட்டுல போறவங்க கண்டுபிடிச்சிடப் போறாங்க."