தாழ்ப்பாளில் தொங்கிய ஈரத்துண்டு

ஒரு வீட்டு வாசற்கதவில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. தங்கள் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட நாளிலிருந்து, அவருடைய சீடர்கள் பயந்துபோய் அந்த வீட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அதிலும் அவர்களில் ஒருவரான மீனவருக்குத் தெருவில் பூனை நடந்தாலும் சந்தேகம்.

"நான் இல்லேன்னா இவங்க கதி அதோகதிதான்" என்று தாழ்ப்பாள் கதவிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் வீட்டுக்குள்ளேயே பெருங்காற்று இரைந்தது. பயமெல்லாம் பறந்துபோனதுபோல் மீனவர் துள்ளி எழுந்து, தாழ்ப்பாளைப் படாரென்று திறந்துவிட்டு வாசலுக்கு ஓடினார். "எங்கள் ஆண்டவர் உயிரோடு எழுந்துவிட்டார்!" என்று ஊரே கேட்க முழங்கினார்.

"அண்ணே, மெதுவா! பிடிச்சுட்டுப் போயிடுவாங்க!" என்று பதறியது தாழ்ப்பாள். கதவோ அகலத் திறந்து காற்று வாங்கியது.

சாயங்காலம் மீனவர், ஊராருக்கு ஞானஸ்நானம் கொடுத்து நனைந்த துண்டைத் தாழ்ப்பாளில் காயப்போட்டார். "துரு ஏறிடுமே!" என்று அது முனகியது. அன்றுமுதல் தினமும் அங்கே ஈரத்துண்டுதான்.

பிறகொரு நாள், மீனவர் வாசலில் பேசிக்கொண்டிருக்கையில் தெருமுனையில் சிப்பாய்கள் தெரிந்தார்கள். சீடராகப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பாய்ந்துவந்து, அவரை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"துருவா?" என்று கிசுகிசுத்தது கதவு.

"துருவாவது மண்ணாவது! சும்மா இரு, அவர் இன்னும் பேசி முடிக்கலை."