கடல் சாமந்தியைத் திருடியவர்

"நான் இல்லாதப்ப வீட்டுக்கு யார் வந்தா?" என்றார் சித்கி.

ரியாத்திலிருந்து ஜித்தாவுக்கு வந்து இறங்கியவர், பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. கூடத்து மீன்தொட்டியையே வெறித்துக்கொண்டு நின்றார்.

நடுப்பாறையில் இருந்த கடல் சாமந்தியைக் காணோம். பார்த்தால் பூ, ஆனால் உயிருள்ள பிராணி. அதன் விரல்களுக்குள் குடியிருந்த கோமாளி மீன்கள் இரண்டும் வீடு பறிபோனது போல மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருந்தன.

ஹானியின் தகப்பன் என்பதால் அவரை அபூ ஹானி என்றுதான் சொந்தத்தில் கூப்பிடுவார்கள். மனைவி ஹயாத் தயங்கினாள். "மோட்டார் நின்னுபோச்சு, அபூ ஹானி. தண்ணி ஓடலேன்னா எல்லாம் செத்துப்போகும்னு நீங்கதானே சொல்வீங்க. அதான் அண்ணனைக் கூப்பிட்டேன். வேற மோட்டார் கொண்டாந்து மாட்டிட்டுப் போனார்."

"எந்த அண்ணன்? சிராஜா?"

"எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்தானே."

சித்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் மகள் கல்யாண விருந்தில், பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் முதல் தாம்பாளத்தில் தன்னை உட்கார வைக்காமல் அடுத்த பந்திக்குத் தள்ளியவன் இந்த சிராஜ். அதற்கப்புறம் சித்கி அவன் வாசலை மிதித்ததில்லை. பெருநாளுக்குக்கூடப் போனதில்லை. அவன் வீட்டிலும் ஒரு கடல் மீன்தொட்டி உண்டு. இந்தச் சாமந்தி மேல் அவனுக்கு எப்போதுமே ஒரு கண்.

"திருடனுக்கு நீயே கதவைத் திறந்து விட்டிருக்கே."

"அவர் எதையும் எடுத்துட்டுப் போகல. அது எங்கயாவது நகர்ந்து போயிருக்கும். தானா நகரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா நகராதது, உன் அண்ணன் வந்த அன்னைக்குத்தான் உலாத்தப் போச்சாக்கும்?"

ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த சிராஜ், அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அபூ ஹானியா? வாங்க, வாங்க. ரியாத்துல கண் டாக்டர் என்ன சொன்னார்?"

"கண் நல்லாத் தெரியுது. அதான் வந்திருக்கேன்."

நேரே கூடத்துக்குப் போனார். சிராஜின் தொட்டியில், கல் மேல் உட்கார்ந்து விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு கடல் சாமந்தி. அதே பழுப்பு நிறம். அதே ரோஜா நிற நுனி.

"இது யாருது?"

சிராஜின் மனைவி ஸுஆத் முந்திக்கொண்டாள். "இதை நாங்க ரமலானுக்கு முன்னாடியே..."

சிராஜ் கையை லேசாக உயர்த்தினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்க, அபூ ஹானி" என்றார் சிராஜ்.

வண்டியில் வரும்போது தயார் செய்து வைத்திருந்த வசவெல்லாம் சித்கிக்கு வீணாய்ப் போனது.

சிராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கல்லோடு அதைத் தூக்கி உள்ளே இறக்கினார். "பிய்ச்சு எடுத்தா கிழிஞ்சிடும். கல்லோடவே வச்சுக்கோங்க. டீ போடச் சொல்லட்டுமா? புதினா இருக்கு."

"திருடன் வீட்டு டீ எனக்குத் தொண்டையில இறங்காது."

சிராஜ் அதற்கும் சிரித்தார். "வண்டியை மெதுவா ஓட்டுங்க. வாளி ஆடக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சித்கி அதைத் தொட்டியின் முன்பக்கம் வைத்தார். "பார்த்தியா? ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. எடுக்காதவனா இருந்தா சண்டைக்கு வந்திருக்க மாட்டானா?"

ஹயாத் அவருடைய பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள்.

மீன்கள் மட்டும் அதன் பக்கமே போகவில்லை. பசியாக இருக்கும் என்று ஒரு இறால் துண்டைப் போட்டார். அது மிதந்து போய் நடுப்பாறைக்குப் பின்னால் இறங்கியது.

பாறையின் பின்னாலிருந்து ரோஜா நிற விரல் ஒன்று நீண்டு, துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது. இரண்டு மீன்களும் அங்கே பாய்ந்தன.

சித்கி கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். புது மோட்டாரின் வேகம் நடுப்பாறையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அது தாங்காமல், பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கிய இடமாகப் பார்த்துச் சொகுசாக உட்கார்ந்திருந்தது அவருடைய சாமந்தி.

"உயிரோட இருக்கு, ஹயாத்" என்றார்.

"நல்லது. அப்ப முன்னால இருக்கறது யாருது?"

சித்கி வாளியைத் தேடினார்.

அந்தித் தொழுகை முடிந்ததும் மறுபடியும் சிராஜின் வீட்டு மணியை அழுத்தினார். அவன் வெளியே போயிருக்க வேண்டும், வாளியை ஸுஆதிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சிராஜ்தான் திறந்தார்.

சித்கி வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என்னோடது பாறைக்குப் பின்னால இருக்கு. இந்தா உன்னோடது. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே."

"சரி, அபூ ஹானி."

"என்ன சரி? ஒருத்தன் வீடு தேடி வந்து திருடன்னு சொன்னா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? வாயில என்ன பேரீச்சம்பழமா வச்சிருந்தே?"

உள்ளே ஸுஆத் சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது. சிராஜ் ஒரு கையால் வாளியை வாங்கி உள்ளே வைத்தார். இன்னொரு கையால் மச்சானின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தார்.

"மோட்டாரை மாட்டினப்பவே உங்க சாமந்தி பாறைக்குப் பின்னால நகர்றதைப் பார்த்துட்டேன். தங்கச்சிகிட்டக்கூட வாயைத் திறக்கல. சொல்லியிருந்தா, நீங்க ஒரே நாள்ல ரெண்டு தடவை என் வீட்டுப் படி ஏறியிருப்பீங்களா?"